காணி விடுவித்தாயிற்று, நிலம் மீண்டதா?

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகளில் ஒன்றின் விளிம்பில் அண்மையில் நின்றிருந்தேன். பக்கத்துக் காணிக்காரரான முதியவர் ஒருவரும் கூட வந்திருந்தார். 1990 இல் இடம்பெயர்ந்து, முகாம், வாடகை வீடு என்று அலைந்து, காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பியவர். "காணி விட்டாச்சு எண்டு சொல்லிச்சினம் தம்பி. கிணத்துத் தண்ணியை ஆரும் வந்து பாத்தவையோ?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால், அகழ்ந்து முடித்த நிலத்தை யார் வந்து பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடுகள் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக அமெரிக்கா 1977 இல் கொண்டுவந்த சட்டம் அவற்றில் முக்கியமானது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கு வேர்ஜினியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டிருந்தார்கள். அந்தச் சட்டம் வரக் காரணமான சம்பவங்களில் அதுவும் ஒன்று.

அச்சட்டத்தின் அடிப்படை எளிமையானது. தோண்டும் முன்பே நிறுவனம் பிணைப் பணம் வைக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துக் காக்க வேண்டும். குழியை நிரப்பி நிலத்தைப் பழைய வடிவுக்கு அண்மையாகக் கொண்டு வந்தால் பிணையில் 60 வீதம் வரை விடுவிக்கலாம். பயிர்மூடல் நிலைத்த பிறகு இன்னொரு பகுதி. மிச்சத்துக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள், மழை குறைந்த பகுதிகளில் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நல்ல விளைநிலமாக இருந்த இடமென்றால், அயலில் தோண்டாத வயல் தரும் விளைச்சலை இதுவும் தருகிறதா என்று அளந்து காட்ட வேண்டும்.

பரிசோதகர் முன்னறிவித்தல் இன்றி வருவார். சராசரியாக மாதம் ஒரு பகுதிச் சோதனை, காலாண்டுக்கு ஒரு முழுச் சோதனை. முறைப்பாடு செய்த குடிமகன் சோதனையின்போது அவரோடு கூடவே நடக்கலாம். பிணையை மீளப் பெற விண்ணப்பித்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும். காணி உரிமையாளரையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும்.

இந்தச் சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. அப்பலாச்சிய மலைகளில் மீளமைத்த நிலம் தூரத்தில் பச்சையாகத்தான் தெரிந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால், புல்டோசர் ஏறி ஏறி இறுகிய மண்ணில் புல்லைத் தவிர மரம் வேர்விடவில்லை. அலவாங்கு இறங்காத மண்ணில் வேர் எப்படி இறங்கும்? 2015, 2016 ஆம் ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் சில வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது, அவை வைத்த பிணையில் பெரும்பகுதி வெறும் சொந்த உறுதிமொழிதான் என்பது பெரும் பிரச்சினையானது. ஜேர்மனியின் நாக்டர்ஸ்டெட்டில் 1991 இல் மூடிய பழுப்பு நிலக்கரிக் குழியை ஏரியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2009 யூலையில் கரை சரிந்து வீடுகள் ஏரிக்குள் போயின, மூவர் இறந்தனர். பார்வைக்கு அழகான நிலத்துக்கு அடியில் நிலத்தடி நீர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் நிலத்தில் நிலக்கரி இல்லை. ஆனால் நீர்க் கணக்கு எங்களுக்குத்தான் இன்னும் கடுமை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் துளைகளில் தேங்கும் மழைநீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது கோட்பாடு. மேலே ஒரு முழம் இறங்கினால் கீழே உவர் பல முழம் ஏறும். எனவே சுண்ணக்கல்லை வெட்டுவது தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கைவைப்பது போன்றது.

காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய உற்பத்தி 1990 இல் போரோடு நின்றது. இன்று நடைமுறையில் உள்ள சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் 1992 இல்தான் வந்தது. அந்த இடைவெளிக்குள் விழுந்த குழிகள் இவை. பிறகு அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. போய்ப் பார்க்கவே முடியாத நிலத்தை யார் பரிசோதிப்பது?

இங்கேதான் 'விடுவிப்பு' என்ற சொல் என்னை உறுத்துகிறது. அங்கே நிலம் மீண்டதென்று நிரூபித்த பிறகுதான் பணத்தை விடுவிக்கிறார்கள். இங்கே படையினர் வெளியேறினால் காணி விடுவிக்கப்பட்டதாகக் கணக்கு முடிகிறது. முள்வேலி அகன்றது பெரிய விடயம்தான். அதற்காக எத்தனை வருடம் போராடினோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வேலி அகன்ற இடத்தில் குழியும் கிணறும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வேறு கேள்வி.

பூநகரி பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழ்வுக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் அடியில் இருந்தது இதே அச்சம்தான். அகழ்வு வேண்டுமா, வேண்டாமா என்ற தீர்மானம் அந்த மக்களுடையது. எங்கே அகழ்வதானாலும் மூன்று விடயங்களை முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்: பிணைப் பணம் எவ்வளவு, அது யார் கையில்? அகழ்வுக்கு முன் அயல் கிணறுகளின் உவர்த்தன்மை அளந்து ஊருக்குக் காட்டப்பட்டதா? பரிசோதகர் வரும் நாளில் ஊரவர் கூட நடக்கலாமா?

பழைய குழிகளுக்குப் பிணை இல்லை, பொறுப்பு அரசினுடையது. கிணறுகளை அளப்பதிலிருந்து அது தொடங்கலாம். நான் கிளம்பும்போது அந்த முதியவர் தன் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, குடித்துப் பார்க்கச் சொன்னார். இலேசாகக் கரித்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். "வரேக்கையே இப்பிடித்தான். போகேக்கை இப்பிடி இல்லை" என்றார்.