காதலிக்க நேரமில்லை: சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி

'காதலிக்க நேரமில்லை' படத்தின் பாட்டுகள் நம் எல்லோருக்கும் தெரியும். வாப்பா, உம்மா காலத்திலிருந்தே வானொலியில் கேட்டு வளர்ந்த பாட்டுகள். ஆனால் படத்தை முழுதாக இருந்து பார்க்க எங்களுக்கு இந்த விடுமுறையில்தான் கிடைத்தது. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். அறுபது வருடம் கழித்தும் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

எங்களைக் கூடுதலாகச் சிரிக்க வைத்தது, பலரும் சொல்லக் கேட்ட அந்தக் காட்சிதான். படம் எடுக்கப் போவதாகச் சொல்லித் திரியும் மகன் செல்லப்பா (நாகேஷ்) ஒரு திகில் கதை சொல்கிறார். தகப்பன் விஸ்வநாதன் (பாலையா) கேட்டுக்கேட்டே நடுங்கிப் போகிறார். பாலையாவுக்கு அங்கே பெரிய வசனம் இல்லை. முகமே எல்லாவற்றையும் செய்து விடுகிறது.

சரி, சிரிப்பு இருக்கட்டும். கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

விஸ்வநாதன் பணக்காரர். எஸ்டேட் முதலாளி. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பணக்கார மாப்பிள்ளைதான் வேண்டும் என்பவர். அவரிடம் வேலை செய்து, வேலையை இழந்த அசோக் (ரவிச்சந்திரன்), மகள் நிர்மலாவை விரும்புகிறான். அவரைச் சம்மதிக்க வைக்க, தான் ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று பொய் சொல்கிறான். நண்பன் வாசு (முத்துராமன்) கிழவர் வேஷம் போட்டு அந்தக் கோடீஸ்வரத் தகப்பனாக வந்து இறங்குகிறான். அவ்வளவுதான், விஸ்வநாதனின் மரியாதை தலைகீழாக மாறுகிறது.

அசோக்கின் குணத்தில் ஒன்றும் மாறவில்லை. படிப்பும் அதேதான், ஆளும் அதேதான். கூடியது ஒரு பொய்ப் பணம் மட்டும். அந்தப் பொய் எடுபடக் காரணம், விஸ்வநாதன் வேறு எதையும் விசாரிக்கவில்லை என்பதுதான்.

நாம் என்ன விசாரிக்கிறோம்? மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார், சம்பளம் எவ்வளவு, கடை சொந்தமா வாடகையா? மாப்பிள்ளை வீட்டார் கேட்பது, வீடு கட்டி முடிந்ததா, காணி யார் பெயரில்? கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார், மனைவி மேலே படிக்க விடுவாரா என்று கேட்பவர்கள் குறைவு.

ஆசிரியர்களாகிய எங்களிடம் கலியாணக் கார்ட் கொண்டு வரும் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். "உங்களுக்கு விருப்பமா மகள்?" என்று கேட்டால், "வாப்பா பார்த்த இடம்" என்று பதில் வரும். கேள்விக்கு அது விடை இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. பெண்ணின் சம்மதம் மார்க்கத்தில் எவ்வளவு முக்கியம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். வீட்டில் வாய்விட்டுக் கேட்கிறோமா?

பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்ளட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பெற்றோர் பார்த்துச் செய்வதில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பார்ப்பது எதை என்பதுதான் பிரச்சினை.

படத்தில் ஏமாந்த விஸ்வநாதனைப் பார்த்து நாம் சிரிக்கலாம், ஏனென்றால் அந்த மாப்பிள்ளை நல்லவன். வாழ்க்கையில் அப்படி அமையும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அடுத்த தடவை கலியாணத் தரகர் வந்தால், அவருக்குப் பதில் சொல்லுமுன் உள்ளே போய் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் பேசாமல் இருந்தால், இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.