வாக்குரிமை: பெற்றதைப் பேணுவோம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு நீங்கள் தேசிய அடையாள அட்டை பெறுகிறீர்கள். 18 வயதின் பின் வாக்களிப்பு நிலையத்திலும் அதே அட்டை உங்களுக்குத் தேவைப்படும். அதன் பெறுமதியை மலையக மக்களின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இம்மக்கள். 1947 பொதுத் தேர்தலில் இவர்களும் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றார். ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் இவர்களுள் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் சென்றது 1977 இலேயே ஆகும்.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. அம்மக்களைக் கலந்தாலோசிக்காமலே அது செய்யப்பட்டது. வாக்கில்லாதவரிடம் கருத்துக் கேட்பார் யார்?

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. "இனி என்ன குறை?" எனச் சிலர் கேட்பர். சட்டம் உரிமையைத் தரும்; ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாவிடின் அவ்வுரிமையைப் பயன்படுத்த முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொரு பெயர் என்றால் அடையாள அட்டை பெறுவது தாமதமாகும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லையெனில் கடிதம் உரியவர் கைக்கு வந்து சேராது. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளைஞர், யுவதியரின் பெயர்கள் ஊர் இடாப்பிலேயே இருக்கும். பயணச் செலவுக்கு அஞ்சிப் பலர் வாக்களிக்காமல் இருந்துவிடுகின்றனர்.

இதனை மக்களின் அசட்டை என்று மட்டும் கூறுவது நியாயமன்று. அதிகாரிகள் லயங்களைத் தேடிச் சென்று பதிவு செய்ய வேண்டும்; ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி வழங்கப்பட வேண்டும்.

உங்களுக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வு செய்யப்படும்போது உங்கள் வீட்டிலுள்ள தகுதியுடைய அனைவரின் பெயரும் அதில் உள்ளதா எனக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அயலவரின் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். உங்கள் பாட்டனார் நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்திருக்கலாம். அவருக்குக் கிடைக்காத உரிமை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒரு தேர்தலிலேனும் வீணாக்காதீர்கள்.