ரெக்கார்டு நோட்டும் அவரைக்காயும்



செமஸ்டர் ரிசல்ட் வந்து கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரம். இந்த நாட்களில் கல்யாண வீடு, கோயில் பிராகாரம், ரேஷன் கடை வரிசை என்று எங்கே நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "ப்ளஸ் டூ வரைக்கும் தங்கமாப் படிச்ச பையன். காலேஜ்ல சேர்ந்ததும் எப்படித்தான் கெட்டுப்போனானோ!" கேட்பவர் காரணத்தையும் கையோடு சொல்லிவிடுவார். ஒன்று செல்போன், இல்லாவிட்டால் சேர்க்கை சரியில்லை.

பல வீடுகளில் அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச உங்கள் அனுமதி வேண்டும்.

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். மகன் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல் வாசம். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். பணம் முன்னதாகவே அவன் கணக்குக்குப் போய்விட்டது. செல்போனில் கட்டணப் பக்கம் திறந்தே இருந்தது. சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம், மெஸ்ஸுக்குப் போய்விட்டு வந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தபடியே நள்ளிரவு தாண்டிவிட்டது. "செலவு பண்ணியிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேனுங்க. பணம் அப்படியே கெடக்குதுங்க. எதுக்குன்னு திட்டறது?" என்று கேட்டிருந்தார் அந்த அம்மா.

மறுநாள் அபராதத்தோடு கட்டியிருக்கலாம். அதற்கு ஹெச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் "ஏன் கட்டலை?" என்று கேட்பார், பதில் இல்லை. அந்தப் பயத்தில் அன்றைக்குக் கல்லூரிக்கே போகவில்லை. அன்று நடந்த இன்டர்னல் போயிற்று. அதை எழுதாததால் அந்தப் பாடம் நடத்தும் மேடத்தின் முகத்தில் விழிக்கப் பயம். அவர் வகுப்பு காலை முதல் பீரியட். அதனால் காலை வகுப்பே இல்லை என்றாகி, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு பட்டனை அழுத்தி முடித்திருக்க வேண்டிய காரியம்.

கடைசியில் கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக் குறைபாட்டுக் கோளாறு, அதோடு சேர்ந்த பதற்ற நோய் என்றார் மருத்துவர். அப்பா நம்பவில்லை. "அது சின்னக் குழந்தைங்களுக்கு வர்றதுங்களே? இவன் டென்த்ல 470 எடுத்தவனுங்க."

அந்த அப்பாவின் சந்தேகம் நியாயமானது. நம்மில் பலருக்கும் அதே சந்தேகம்தான் வரும். பையன் ப்ளஸ் டூ படித்தது ஒரு உறைவிடப் பள்ளியில். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். இரவு தூங்கப் போகும் வரை ஸ்டடி ஹாலில் ஒரு சார் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். என்ன படிப்பது, எப்போது படிப்பது, எப்போது நிறுத்துவது என எதையும் அவன் முடிவு செய்யவேண்டியதில்லை. அவன் மூளை செய்யத் திணறும் வேலையை அந்தப் பள்ளி இரண்டு வருடம் அவனுக்காகச் செய்து கொடுத்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று அத்தனையும் ஒரே நாளில் விலகிவிட்டது, தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரித்தது போல.

அந்தப் பள்ளிகளைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பிராய்லர் கோழி மாதிரி வளர்க்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் அதுதான் என் கருத்து. இருந்தாலும், கல்லூரிக்குப் போய் 'கெட்டுப்போனதாக' நாம் முடிவு கட்டும் பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் அதற்கு வெகுமுன்பே தொடங்கியிருக்கிறது. தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2013-ல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற மருத்துவ வழிகாட்டியின்படி, பெரியவர்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்வதானாலும் 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் நல்ல மருத்துவர்கள் பழைய ரேங்க் கார்டுகளைக் கேட்கிறார்கள். நம் அம்மாக்கள் எதையும் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருப்பது இங்கே உதவுகிறது. இந்தப் பையனின் நாலாம் வகுப்பு ரேங்க் கார்டில் இரண்டாம் ரேங்க். கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தாராம்: 'புத்திசாலி. ஆனால் விளையாட்டுப் புத்தி. நோட்டு கொண்டு வருவதில்லை.' தண்ணீர் பாட்டிலும் குடையும் எத்தனை தொலைத்தான் என்று அம்மாவுக்கே கணக்கில்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இப்படித் தெரியாமல் போவது இன்னும் மோசம். ஓடியாடிக் குறும்பு செய்தால்தானே டீச்சர் கண்ணில் படும்? ஜன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்து வேறு உலகத்தில் இருக்கும் பெண்ணுக்கு 'சாது' என்ற பட்டம் கிடைக்கும், சிகிச்சை கிடைக்காது.

இது செல்போன் கொண்டுவந்த நோய் என்பவர்களுக்கு ஒரு தகவல். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் கவனத்தையும் நடத்தையையும் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902-ல். செல்போன் நிலைமையை மோசமாக்குகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தொடக்கம் அல்ல.

பதற்றம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஏ.டி.ஹெச்.டி. உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பதற்றக் கோளாறும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சின்ன வயதிலிருந்து மறந்து, தொலைத்து, தாமதித்து, ஒவ்வொன்றுக்கும் திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு, அடுத்த திட்டு எங்கிருந்து வரும் என்று உடம்பே காத்துக்கொண்டிருக்கப் பழகிவிடுகிறது. வைவா அன்று காலை வயிறு கலக்கும், நெஞ்சு படபடக்கும், போன் அடித்தால் எடுக்கப் பயம். இதில் ஒரு வினோதமும் உண்டு. இவர்களில் பலரை இத்தனை நாள் எழுதவைத்ததும் அந்தப் பயம்தான். நாளைக்குப் பரீட்சை என்றால்தான் இன்று ராத்திரி மூளை விழித்துக்கொள்ளும். பள்ளியில் அது செல்லுபடியாகும். ஐந்து பேப்பரும், லேபும், மினி பிராஜெக்ட்டும் ஒன்றாக வந்து நிற்கும்போது, எழுதவைத்த அதே பயம் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறது.

இனி நாம் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதலில், செய்து பயனில்லாதது: புத்திமதி. அந்தப் பையனின் அலமாரியில் ஸ்கெட்ச் பேனாவில் கலர் கலராக வரைந்த டைம்டேபிள்கள் ஒட்டியிருந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஒரு புத்திமதிக்குப் பிறகு வரைந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை, செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததுதான் இந்தக் கோளாறு என்று ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஆகவே உதவியும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது உட்கார வைத்துச் சொல்லும் பாடம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் அறைக்கு வந்து சேராது.

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒன்பதாவது வரை படித்தவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீடியோ காலில் மகனைக் கூப்பிடுவார். போனை மிக்ஸி ஜாரில் சாய்த்து வைத்துவிட்டு, இவர் இங்கே அவரைக்காய்க்கு நார் உரிப்பார். அவன் அங்கே ரெக்கார்டு எழுதுவான். பேச்சு கிடையாது. "இன்னைக்கு எத எழுதற கண்ணு?" என்று தொடக்கத்தில் ஒரு கேள்வி மட்டும். அவன் "சர்க்யூட் படம் மட்டும்மா" என்பான். டேபுலேஷன், கால்குலேஷன், ரிசல்ட் எல்லாம் வேறு நாளைக்கு. காய் நறுக்கி முடிந்தால் அன்றைய வேலையும் முடிந்தது. இடையில் அவன் எழுந்து போனால் இவர் கூப்பிடுவதில்லை. திரும்பி வரும்போது அம்மா திரையில் இருப்பார்.

யாரோ பக்கத்தில் இருந்தால் வேலை ஓடுகிறது என்று ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்தால் வீட்டுப்பாடம் செய்வான் என்ற ஞாபகம்தான்.

கவனித்துப் பாருங்கள், இதில் கண்காணிப்பு இல்லை. கண்காணிப்பு பதற்றத்தைக் கூட்டும். இப்போது பல கல்லூரிகள், மாணவர் வராவிட்டால் காலை பத்து மணிக்கே பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுகின்றன. அது வந்த மறுநிமிடம் அப்பா போன் போட்டு, "டேய், எங்கடா இருக்க?" என்று கத்தினால் என்ன நடக்கும்? அடுத்த முறை போன் சைலண்டில் கிடக்கும், பொய்யும் ஆரம்பிக்கும். பொய் சொல்லும் பிள்ளைகளில் பலர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டுவதற்காகச் சொல்கிறார்கள். "சாப்டியா? இன்னைக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பதில் வரும்: ஒரு மேடம், ஒரு கையெழுத்து, திறக்காத ஒரு மெயில். அந்த ஒன்றுக்கு மட்டும் துணை போனால் போதும். நண்பன் ஒருவன் ஹெச்.ஓ.டி. அறை வாசல் வரை கூட வந்தால்கூடப் பாதிப் பயம் போய்விடும்.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். ஏ.டி.ஹெச்.டி.க்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், சின்ன ஊர் மெடிக்கல்களில் இருப்பும் இருக்காது. பதற்றமும் சேர்ந்திருப்பவர்களுக்கு எதை முதலில் கவனிப்பது, எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அட்டோமாக்செட்டின் என்ற வேறு வகை மருந்தும் இருக்கிறது. ரூம்மேட்டின் மாத்திரையைப் பரீட்சைக்கு முன் வாங்கிப் போடும் வழக்கம் சில விடுதிகளில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம். ரீல்ஸில் நாலு அறிகுறி பார்த்துவிட்டுத் தனக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். பெற்றோருக்கு ஒன்று: உங்கள் பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டது. அவன் மருத்துவரிடம் பேசியதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனுக்குத் தருகிறது. "உள்ள என்ன சொன்ன?" என்று காரில் குடையாதீர்கள்.

கல்லூரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 100 மாணவர்களுக்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் பல இடங்களில் வருடம் ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளரை வரவழைத்து, ஆடிட்டோரியத்தில் கைதட்ட வைத்து அனுப்புவதோடு மாணவர் நலம் முடிந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. தனிப் பெயராக இல்லை. ஆகவே தேர்வில் கூடுதல் நேரம் என்று உரிமையோடு கேட்க வழி குறைவு. மருத்துவச் சான்றை எடுத்துக்கொண்டு போனால், எதிரே இருப்பவர் மனசு வைத்தால் உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு ட்யூட்டர் மனசு வைத்தார். அவர் செய்தது, ரெக்கார்டை மொத்தமாகக் கேட்காமல் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு எக்ஸ்பரிமென்ட் மட்டும் கேட்டது. சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அவனுக்கு இன்னும் இரண்டு அரியர் பாக்கி. ஒன்று கணக்கு. வருகைப் பதிவை மருத்துவச் சான்றோடு எப்படியோ தாண்டிவிட்டான். அப்பா இப்போதும் முழுசாக நம்பவில்லை, ஆனால் மாத்திரை வாங்க மாதாமாதம் கோவை போய் வருவது அவர்தான் என்று அம்மா எழுதியிருந்தார்.

உடனடியாகப் பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சாவைப் பற்றிப் பிள்ளை விளையாட்டாகப் பேசினாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு மாணவரோ மாணவியோ உங்கள் வகுப்பில் இருந்திருந்தால், என்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். மாணவர்களும் எழுதலாம். எழுதத் தொடங்கி முடிக்க முடியாமல் போனால் பாதியையே அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம். யார் பெயரையும் ஊரையும் வெளியிடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்