செய்தியும் கடமையும்

தந்தி வந்ததென்றால் லயமே கூடி நின்று நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆயினும் அனுப்பியவர் யார், எவ்வூரிலிருந்து, எந்நேரத்தில் என்பவை அத்தாளிலேயே இருந்தன. இன்று கைத்தொலைபேசியில் ஓயாது வந்து விழும் செய்திகளுள் எத்தனைக்கு இம்மூன்றும் உண்டு? அவற்றைக் கேட்டறிவதே, டிஜிட்டல் குடியியல் என்று கல்வியாளர் கூறும் புதுப்பாடத்தின் அரிச்சுவடியாகும்.

புளத்கொகுபிட்டிய மலைச்சாரலில் வாழ்வோர்க்கு இப்பாடம் உயிரோடு ஒட்டியது. 2016 மே 17ஆம் திகதி, பெருமழையிலே களுபஹனத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. அதே நாளில் அரநாயக்கவிலும் மலை சரிந்தது. அத்துயரை அறிந்தோர் அடைமழை இரவில் அயர்ந்து உறங்குவரோ?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் எனில் விழிப்பாயிருத்தல் வேண்டும். செம்மஞ்சள் எனில் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். சிவப்பு எனில் உடனே வெளியேறுதல் வேண்டும். எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எந்நேரம் வரை என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய சிவப்பு எச்சரிக்கை ஒன்றை எவரேனும் இன்று அனுப்பிவிட்டால், கைக்குழந்தையுடன் ஒரு தாய் இருளில் ஓடுவாள். இருமுறை ஏமாந்தவள், மூன்றாம் முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது எழாதிருந்துவிடலாம். பொய்ச் செய்தி மெய்யின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறது அன்றோ? ஐயம் எழுந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம். ஆனால் சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால், எந்தச் செய்திக்கும் காத்திராது வெளியேறுவதே அறிவுடைமை.

வதந்தியின் கேடு மழையோடு முடிவதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை பரவிக் கலவரம் மூண்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி எனத் தெரிந்தது. மார்ச்சில் திகனவிலும் கண்டியிலும் வன்முறை எழுந்து, அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் தடை செய்தது. மாவுக் கட்டியை எவரும் திருத்திக் கொள்ளலாம். எரிந்த கடையை, இழந்த உயிரை மீட்பவர் யார்?

இப்பாடம் பள்ளிப் பிள்ளைக்கு மாத்திரம் உரியதன்று. குடும்பத்தில் தாத்தா அனுப்பும் செய்தியை ஐயுறுவார் இல்லை. ஆதலால் அவர் தவறினால் அத்தவறு விரைந்து பரவும். "தாத்தா, இதில் திகதி இல்லையே" என்று பேரன் பணிவுடன் சொன்னால் அது மரியாதைக் குறைவன்று. அதைக் கேட்டுக் கையை நிறுத்தும் தாத்தாவும் சிறுமைப்படுவதில்லை.

சகோதரிகளே, இன்றிரவு உணவு முடிந்ததும் அன்று வந்த செய்தியொன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். யார், எங்கிருந்து, எப்போது என்று கேளுங்கள். விடை கிடைக்காத செய்தி நம் வீட்டோடு நின்றுவிடட்டும்.