வரத்து நின்ற வெள்ளி

இடிஎஃப் வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, ‘வால்யூம் அதிகமா இருக்கிறதா பாத்து வாங்குங்க’ என்பது. பாதி சரி. மீதிப் பாதி எவ்வளவு காசைத் தின்னும் என்பதை 2025 அக்டோபரில் வெள்ளி காட்டிக்கொடுத்தது.

தீபாவளிக்கு முந்தைய நாட்கள். லண்டனில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியிருந்தது. வெள்ளி இடிஎஃப்களில் வியாபாரம் கொட்டிக்கொண்டிருந்தது. வால்யூமை மட்டும் பார்த்தவருக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனால் யூனிட்டுக்குள் இருந்த வெள்ளியின் மதிப்பைவிடச் சந்தையில் அதன் விலை சில நாட்களில் 10 சதவீதம் அளவுக்குக்கூடப் போனது. 100 ரூபாய் வெள்ளிக்கு 110 ரூபாய். வெள்ளி விலை அசையாமல் நின்று, இந்தக் கூடுதல் மட்டும் கரைந்தாலே போட்ட பணத்தில் 9 சதவீதம் போய்விடும். அந்த மாதக் கடைசியில் கூடுதலும் கரைந்தது, லண்டன் விலையும் இறங்கியது.

ஏன் இப்படி? இடிஎஃப் விலை ஏறினால் மார்க்கெட் மேக்கர்கள் 30 கிலோ வெள்ளிப் பாளங்களை ஃபண்ட் நிறுவனத்திடம் கொடுத்து, புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார்கள். விலை தன் இடத்துக்கு வரும். அந்த அக்டோபரில் பாளமே கிடைக்கவில்லை. 2019 ஜூலை 12 அன்று எங்கள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கம் போனதே, அப்போது சென்னையில் குடத்தோடு நின்ற கூட்டத்துக்கா குறைச்சல்? வரத்துதான் இல்லை. கோடக், எஸ்பிஐ, யூடிஐ மூன்றும் வெள்ளி இடிஎஃப் யூனிட்களை வாங்கும் தங்கள் ‘ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்’ திட்டங்களில் ஒரே தடவையாக மொத்தப் பணம் வாங்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. வருகிற பணத்துக்கெல்லாம் அவர்களும் அதே கூடுதல் விலையில்தானே யூனிட் வாங்கியாக வேண்டும்!

நாஸ்டாக் 100 இடிஎஃப் கதையும் இதுவேதான். மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டுப் பங்குகளில் போட 700 கோடி டாலர் உச்சவரம்பு. 2022 தொடக்கத்தில் அதை நெருங்கியதும், புதுப் பணம் வாங்காதீர்கள் என்றது செபி. புது யூனிட் வரத்துக்கு முட்டுக்கட்டை விழுந்தது. இருக்கிற யூனிட்டுக்கே போட்டி.

தலைகீழும் உண்டு. வால்யூமே இல்லாத சின்ன நிஃப்டி இடிஎஃப் ஒன்று. உள்ளே இருப்பவை தாராளமாகக் கைமாறும் 50 பெரிய பங்குகள். குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்களை நியமித்தே ஆக வேண்டும் என்பது செபியின் விதி. அவர்கள் ஒழுங்காக விலை சொன்னால் பயமில்லை. ஆனால் போனில் வாங்குவோர், விற்போர் விலைகளைக் காட்டும் அந்த ஐந்து வரிசையைத் திறந்து பாருங்கள். 262 ரூபாயில் 40 யூனிட், அடுத்த வரிசை 266-ல் என்றிருந்து, நீங்கள் 500 யூனிட்டுக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் 40 போக மற்றதெல்லாம் 266, அதற்கும் மேல். லிமிட் ஆர்டர் என்ற வசதி சும்மா வைக்கப்படவில்லை. எந்த விலையை லிமிட்டாக வைப்பது? ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ-நேவ், அதாவது யூனிட்டுக்குள் இருப்பதன் அந்த நேரத்து மதிப்பு, இருக்கும். பங்கு இடிஎஃப்களுக்கு அது அதிகபட்சம் 15 நொடி பழசு. அதை ஒட்டி வையுங்கள். காலை 9.15-க்குப் பாய வேண்டாம். 2015 ஆகஸ்ட் 24 காலை அமெரிக்காவில் பல பங்குகளுக்கு இன்னும் விலை பிறக்காத நேரத்தில் இடிஎஃப்கள் கன்னாபின்னாவென்று சரிந்து, பங்குகளையும் சேர்த்து அன்று மட்டும் 1,278 முறை வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். “இன்னா சார், விக்கறப்ப ஆளே வரலன்னா, கம்பெனியே எடுத்துக்குமா?” என்று கேட்டார். 25 கோடி ரூபாய்க்கு மேல் என்றால்தான் நேராக நிறுவனத்திடம் போகலாம் என்றதும் சிரித்துவிட்டார். ஆனால் விலக்கு உண்டு. தொடர்ந்து 7 வர்த்தக நாட்கள், நாள் முடிவில் கணக்கிடும் மதிப்பான நேவைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவாக விலை முடிந்தாலோ, தொடர்ந்து 3 வர்த்தக நாட்கள் விலை கேட்க ஆளே இல்லாவிட்டாலோ, சிறு முதலீட்டாளரிடமிருந்தும் நிறுவனம் நேராக வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியேறும் கட்டணமான எக்ஸிட் லோடும் பிடிக்கக்கூடாது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டவருக்கு அப்படி ஒரு விதி கிடையாது.