பட்ட காலிலே படுமா?



"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவ்வாண்டு எங்கள் கூடைப்பந்து அணியில் இப்பழமொழி பலமுறை அடிபட்டது.

சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பந்தைப் பிடிக்கத் துள்ளி இறங்கியபோது வலது முழங்கால் உட்புறமாக மடங்கிற்று. யாரும் அவளைத் தள்ளவில்லை. முழங்காலின் உள்ளே சிலுவைபோல் குறுக்கிட்டுச் செல்லும் இரு நார்களில் முன்னது அறுந்திருந்தது. ஜனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. தொடையின் பின்புறத்து நாணை எடுத்து அங்கே ஒட்டுப் போட்டார்கள்.

ஜூலையில் அவள் படியேறினாள், மெல்ல ஓடினாள். ஆகஸ்டில் மண்டலப் போட்டி. அடுத்த ஆண்டு எங்களில் பாதிப்பேர் வேறு பள்ளிகளுக்குப் போய்விடுவோம். ஆகவே, "கடைசிப் பத்து நிமிடமாவது ஆடு" என்று நாங்கள் அவளை நச்சரித்தோம். உடற்கல்வி ஆசிரியை மறுத்தபோது அவர்மேல் கோபங்கொண்டு இரண்டு நாள் சரியாகப் பேசவுமில்லை. எங்கள் கையில் ஓர் அத்தாட்சியும் இருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நம் சிந்துவை வென்ற ஸ்பெயின் நாட்டுப் பூப்பந்து வீராங்கனை கரோலினா மரின், 2019 ஜனவரியில் வலது முழங்காலில் இதே நார் அறுந்து, அவ்வாண்டு செப்டம்பரிலேயே சீன ஓப்பன் பட்டத்தை வென்றவர் அல்லவா!

"மீதிக் கதையையும் படித்துவிட்டு வாருங்கள்" என்றார் ஆசிரியை. படித்தோம். 2021-இல் பயிற்சியின்போது மரினின் இடது முழங்கால் நார் அறுந்தது. டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவிப் போயிற்று. 2024 பாரிஸ் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்று இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது வலது முழங்கால் மீண்டும் போயிற்று. எதிர்த்து ஆடிய சீன வீராங்கனை ஹீ பிங்ஜியாவ், வெள்ளிப் பதக்க மேடையில் ஸ்பெயினின் சிறு சின்னமொன்றைக் கையில் பிடித்து நின்றார். அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் அழுதோம் என்பதை மறைப்பானேன்? 2019-இல் விரைவாகத் திரும்பியதால்தான் இவையெல்லாம் நேர்ந்தன என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அத்தாட்சி எங்களுக்கே எதிராகிவிட்டது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, இந்த அறுவைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்பும் 25 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நார் மறுபடி அறுகிறது. பட்ட காலில் மட்டுமன்று, படாத காலிலுந்தான்! அதே ஆண்டு நார்வே நாட்டு ஆய்வொன்று, ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது. காரணம் எளிது. ஒட்டிய நாணுக்குள் புதிதாக இரத்தக்குழாய் ஓடி, அது மெல்ல மெல்ல நாராக மாறவேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. ஒட்டுமாங்கன்று தளிர்த்துவிட்டது என்று அதில் ஊஞ்சல் கட்டுவார் உண்டா? நாங்கள் அவளிடம் கேட்டது அதைத்தான்.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், "அப்படியானால் பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டே எதற்கு?" எனலாம். எங்கள் தோழியின் அத்தையும் அதையே சொன்னார். இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது மெய்தான். ஆனால் குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, உட்பக்கம் சாயாமல் இறங்கப் பழகும் பயிற்சிகள், பெண்களிடையே இக்காயத்தைப் பாதியளவு குறைக்கின்றன என்பதும் மெய்யே. வாரத்தில் சிலமுறை, இருபது நிமிடம் போதும். பத்தாம் வகுப்பென்றால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தில் அந்த இருபது நிமிடம் எங்கே கிடைக்கும் என்பதை, மதிப்பிற்குரிய சகோதரிகளிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

மண்டலப் போட்டியில் அரையிறுதியில் நான்கு புள்ளிகளில் தோற்றோம். அவள் வெளியே அமர்ந்து புள்ளிக்கணக்கு எழுதினாள். அவள் ஆடியிருந்தால் வென்றிருப்போமோ என்னவோ! அன்று மாலை ஆசிரியையிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தார்.

நவம்பரில் மருத்துவர் அவளை ஒற்றைக்காலில் தாவச் சொல்லி அளந்தார். அறுவை செய்த கால், மற்றக் கால் தாவிய தூரத்தில் நூற்றுக்கு 84 பங்கே எட்டியது, 90 வேண்டுமாம். அடுத்த சோதனை பிப்ரவரியில், பொதுத்தேர்வுக்குச் சற்று முன்பாக. எந்தத் தேர்வுக்கு முதலில் தயாராவது என்று கேட்டு அவள் சிரிக்கிறாள்.