கர்னலும் கன்சைன்மெண்ட் கணக்கும்

"சொந்தமா கர்னல் கம்பைல் பண்ணினா பழைய மெஷின் பறக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க மக்களே. நான் நம்பினேன்.

2013-ல் அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப். விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்த காலம். சிட்லபாக்கத்தில் எத்தனை பரண்களில் தூங்குகிறதோ! எங்கள் வீட்டுப் பரணில் இருந்ததை இறக்கி டெபியன் போட்டேன். ஆமை வேகம். சரி, வேண்டாத டிரைவர்களைக் கழித்துவிடலாம் என்று இறங்கினேன்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்றொரு கட்டளை. அந்த நிமிஷம் மெமரியில் இருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். ராத்திரி முழுக்க கம்பைல் ஓடியது. காலையில் பூட் ஆனது. ஆனால் பென் டிரைவ் தெரியவில்லை, போனை மாட்டி நெட் எடுக்கவும் முடியவில்லை. கட்டளை கொடுத்தபோது இரண்டுமே செருகப்படவில்லையே! குடோனில் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு, கன்சைன்மெண்டில் போன சரக்கை விட்ட கதை. பி.காம். படிக்கிறவன் செய்யலாமா இதை :-)

வேகம்? துளி வித்தியாசம் இல்லை. டெபியன் கர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் தனித்தனி மாட்யூல்கள். உங்கள் ஹார்ட்வேருக்கு வேண்டியது மட்டும்தான் மெமரிக்கு வரும். மற்றவை டிஸ்க்கில் சும்மா கிடக்கும். அதைத் தூக்கி என்ன லாபம்? அந்த லேப்டாப்புக்கு வேண்டியது ஒரு எஸ்எஸ்டி.

ஆனாலும் ஒருமுறை செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். மெனுகான்ஃபிக்கில் பக்கம் பக்கமாகப் போனபோதுதான் என் வைஃபை சிப்பின் பெயரே எனக்குத் தெரிந்தது. க்ரப்பில் பழைய கர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். இதை அதில் பூட் செய்துதான் எழுதுகிறேன்.